உத்தரவாதப் பத்திரமும் வாங்குவோர் உரிமையும்

கிழக்கிலங்கையின் கரையோரத்தே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என வரிசையாக அமைந்த ஊர்களில் முன்னாளிற் பெரும்பாலார் பன்பாயிலேயே துயின்றனர். இலவம்பஞ்சு மெத்தை வசதி படைத்த இல்லத்தின் அடையாளமாயிருந்தது. பஞ்சு கட்டிபட்டுப் போனால் உறையைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடித்துப் பதப்படுத்தி மீண்டும் தைத்துக்கொள்வர். தையலிற் குறை காணப்பட்டால், தைத்தவரையே அழைத்துக் காட்டலாம். அவர் அதே ஊரவர். அவர் முகமே உத்தரவாதம்.

இன்று நிலைமை வேறு. மெத்தை தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு, தொலைவிலுள்ள நகரிலிருந்து லொறியில் வருகின்றது. அதனுடன் ஐந்தாண்டு, பத்தாண்டு எனப் பொறித்த ஒரு பத்திரமும் வருகின்றது. செய்தவரை வாங்கியவர் அறியார். இருவருக்கும் நடுவே கடைக்காரர் நிற்கின்றார். ஈராண்டு கழியுமுன் மெத்தையின் நடுப்பகுதி பள்ளமாகிறது எனக் கொள்வோம். வாங்கியவர் கடைக்குப் போனால், “கொம்பனிக்கு அறிவிச்சிருக்கு காக்கா, அடுத்த கிழமை வாங்க” என்ற விடை கிடைக்கும். அடுத்த கிழமை ஒரு படிவம். அதன் பின் புகைப்படம். அதன் பின் பரிசோதகர் வருவார் என்ற காத்திருப்பு. ஈற்றில், “இது பாவனையால் ஏற்பட்ட தேய்வு, உத்தரவாதத்துள் அடங்காது” என ஒரு வரிக் கடிதம். பணத்தை இழந்ததிலும், பலமுறை அலைந்தும் தம் சொல் மதிக்கப்படவில்லையே என்பதுதான் அவரை அதிகம் வருத்தும்.

இத்தகைய மறுப்பு எங்ஙனம் எழுகின்றது? பத்தாண்டு உத்தரவாதம் என்பதை, பத்தாண்டுகள் மெத்தை புதிதாகவே இருக்கும் என்ற வாக்குறுதியாக மக்கள் கொள்கின்றனர். பத்திரமோ, செய்பொருளில் அல்லது செய்முறையிற் குற்றம் இருந்தால் மட்டுமே திருத்தித் தருவதாகக் கூறுகின்றது. மெத்தையின் குறுக்கே நேரான கோலொன்றை வைத்து, எவரும் படுத்திராத நிலையிற் பள்ளத்தின் ஆழத்தை அளப்பர். பத்திரத்திற் குறித்த ஆழத்துக்கு அது குறைந்தால் குற்றமாகக் கொள்ளப்படாது. உடலின் பாரத்தால் மட்டும் தோன்றும் பள்ளம் இவ்வளவையில் அகப்படுவதில்லை. நுரைப்பஞ்சு வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் மென்மையடைவது இயல்பு. கடற்கரை ஊர்களில் இது கவனிக்கத்தக்கது. அம்மென்மையும் பலவேளை விலக்கப்படுகின்றது. கறை படிந்த மெத்தை, இடைவெளி அகன்ற கட்டிற் சட்டங்களின்மேல் இடப்பட்ட மெத்தை ஆகியவற்றையும் நிறுவனத்தார் ஏற்க மறுப்பதுண்டு. சில பத்திரங்களின்படி முதற் சில ஆண்டுகளின் பின் மாற்றுப் பொருளின் விலையில் ஒரு பங்கை வாங்கியவரே செலுத்தல் வேண்டும்.

ஆயினும், பத்திரத்திற் பொறித்தது மட்டுமே வாங்கியவரின் உரிமை என்று எண்ணுதல் தவறு. பத்திரம் இல்லாதவிடத்தும் சட்டம் உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதை, எழுதப்படாத நிபந்தனையாகவே கொள்கின்றது. இத்தகைய பொறுப்பை விற்பவர் சிறிய எழுத்தால் உதறிவிடுவதை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் கட்டுப்படுத்துகின்றது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நிறுவப்பட்டது. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டைச் சபை விசாரிக்கலாம். நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்திலிருத்தல் வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுள் செய்யப்படல் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. மெத்தையின் குறையோ ஓராண்டு, ஈராண்டு கடந்தே வெளிப்படுகின்றது. பத்தாண்டு உறுதிமொழிக்கு மூன்று மாதக் கதவு போதுமா என்பது சட்டம் ஆக்குவோர் சிந்திக்க வேண்டிய வினா.

அக்கதவு மூடிய பின்னும் வழி முற்றாக அடைபடுவதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில், சட்டத்தரணியின் துணையின்றியே இரு தரத்தாரும் அமர்ந்து இணக்கம் காண முயலலாம். அதற்கும் உடன்படாவிடின் நீதிமன்றம் உண்டு.

இவ்வூர்களின் மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும் இதற்கு நிகரான நெறி உண்டு. விற்கும்போதே பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் தெரியவரின், வாங்கியவர் அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெறுகின்றார். ஆனால் குறையை அறிந்தவுடன் தாமதியாது தெரிவித்தல் வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலினுள் கையிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிக் கண்டித்த செய்தி யாவரும் அறிந்ததே. பத்திரத்தின் பின்புறத்துப் பொடி எழுத்தும், குவியலின் அடியிலிருந்த ஈரமும் வெகுதூரம் வேறுபட்டவை அல்ல.

ஆகவே வாங்குவோர் செய்யத்தக்கவை சில. திகதியும் பொருளின் விவரமும் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக; கேட்டால் அதனைக் கொடுத்தல் விற்பவரின் சட்டக் கடமை. பணம் செலுத்துமுன், அளவை எத்தனை அங்குலம், எவ்வகைக் கட்டில் தேவை, ஏற்றுச்செலவு யாருடையது என வினவுக. மெத்தையின்மேல் உறையிட்டுக் கறை படியாது காக்க. குறை தோன்றிய அன்றே அளந்து, படம் எடுத்து, கடைக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, படியொன்றைப் பேணுக. வாய்மொழித் தவணை காற்றோடு போகும். பதிவுத் தபாற் சீட்டு நிலைத்து நிற்கும்.

1962ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் கென்னடி, பாவனையாளரின் நான்கு உரிமைகளைத் தம் நாட்டுப் பேரவைக்கு எடுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று, தம் குறை செவிமடுக்கப்படும் உரிமை. வணிகர்க்கும் இதனால் நட்டமில்லை. குறையைப் பொறுமையோடு கேட்டு, ஆம் அல்லது இல்லை என்பதைக் காரணத்தோடு குறித்த நாளிற் கூறும் கடையை ஊர் மறப்பதில்லை. மெத்தை தைத்தவரின் முகத்தில் அன்றிருந்த நாணயம், இன்று அவ்விடையில் இருத்தல் வேண்டும்.