பாடசாலைக் கட்டிடங்களில் ஒளிந்திருந்த கல்நார்

1993ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 9ஆந் திகதி நியூ யோர்க் மாநகரின் பொதுப் பாடசாலைகள் விடுமுறை கழிந்து திறந்திருத்தல் வேண்டும். அங்கே பயிலும் பிள்ளைகள் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர். ஆயினும் அன்று பாடசாலைக் கதவுகள் திறக்கப்படவில்லை. வெள்ளமுமில்லை, ஆசிரியர் வேலைநிறுத்தமுமில்லை. கட்டிடங்களின் நீராவிக் குழாய்களைச் சுற்றியும் உட்கூரைகளிலும் அப்பியிருந்த ஒரு பொருளே பிள்ளைகளை வாசலில் மறித்தது. அஸ்பெஸ்டஸ் என்று நாம் வழங்கும் கல்நாரே அது.

கல்நார் ஒரு விசித்திரமான கனிப்பொருள். பாறையிலிருந்து எடுத்துப் பஞ்சுபோலப் பிரிக்கலாம், நெருப்பில் எரியாது, சூட்டையும் எளிதிற் கடத்தாது. ஆகவே, இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அமெரிக்காவில் எழுந்த பாடசாலைகளிலே கொதிகலன் அறை முதல் தரையோடுகள் வரை இதனைத் தாராளமாக உபயோகித்தனர். பிள்ளைகளை நெருப்பிலிருந்து காப்பதே நோக்கம். ஆனால் அது உடைந்து தூளாகும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் காற்றிற் கலக்கின்றன. சுவாசப்பையிற் படிந்த இழையை உடம்பு எளிதில் வெளியேற்றுவதில்லை. 20, 30, 40 ஆண்டுகள் சென்றபின்னரே புற்றுநோய் தலைகாட்டும். 1960இல் தென்னாபிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதிகளைப் பற்றியும், 1964இல் அமெரிக்கத் தொழிலாளரைப் பற்றியும் வெளிவந்த ஆராய்ச்சிகள் இவ்வுண்மையை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டின. பத்து வயதிற் சுவாசித்த தூசி ஐம்பது வயதிற் கணக்குக் கேட்கும் என்றால், பெற்றார் அஞ்சாதிருப்பரோ?

1986ஆம் ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பாடசாலையும் கல்நார் எங்கேயுள்ளது என்று பரிசோதித்தல் வேண்டும்; மூன்றாண்டுக்கொருமுறை மீண்டும் பார்த்தல் வேண்டும்; அவ்விபரங்களைப் பெற்றார் கேட்டாற் காட்டுதல் வேண்டும். நியூ யோர்க்கிலும் பரிசோதனை நடந்தது. அறிக்கைகள் கோவைகளில் அடுக்கப்பட்டன. 1993இன் கோடையிலோ அப்பரிசோதனைகள் நம்பத்தகாதவை என்பது வெளிப்பட்டது. நகர மேயர் டேவிட் டிங்கின்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளையும் மறுபடி சோதிக்கக் கட்டளையிட்டார்.

கல்நாரை அகற்றுவது ஓட்டைப் பிரிப்பதுபோன்ற வேலையன்று. அறையைப் பொலித்தீன் விரிப்புகளால் மூடி முத்திரையிட வேண்டும். உள்ளேயுள்ள காற்று வெளியே கசியாதவாறு, வடிகட்டி பொருத்திய விசிறிகளால் அதனை இழுத்தெடுக்க வேண்டும். முகமூடியணிந்த தொழிலாளர் பொருளை நீரால் நனைத்துச் சுரண்டி, இரட்டைப் பைகளிற் கட்டுவர். முடிவில் அறைக் காற்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் சோதித்தபின்னரே பிள்ளைகள் உள்ளே வரலாம். செப்டெம்பர் 20ஆந் திகதி பெரும்பாலான பாடசாலைகள் திறந்தன. சிலவற்றின் பிள்ளைகள் பின்னும் காத்திருக்க நேர்ந்தது.

இதற்கெல்லாம் பணம்? சட்டம் கடமையைச் சொல்லிற்றேயன்றிப் பணப்பையை நிரப்பவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் வறிய பாடசாலைகளுக்கு மத்திய அரசாங்கம் கடனும் நன்கொடையும் வழங்கியதுண்டு. அது யாவருக்கும் போதவில்லை. அந்நாட்டின் பெரும்பாலான ஊர்களிற் பாடசாலையை நடத்துவதில் கணிசமான பங்கு, நம்மூர்ச் சோலைவரி போன்ற ஆதன வரிக்குரியது. திடீரென ஒரு கூரையைப் பிரிக்க வேண்டிவந்தால் சேமிப்பைக் கரைக்க வேண்டும், அல்லது ஊராரின் வாக்கைப் பெற்றுக் கடன்பத்திரம் வெளியிட வேண்டும். அதுவுமில்லையேல் நூலகத்துக்கும் சங்கீத ஆசிரியருக்கும் ஒதுக்கிய பணத்திற் கைவைக்க வேண்டும். அவசர காலத்திற் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை முதற் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யச் செலவிட்டிருந்தால், இத்தனை அல்லல் நேர்ந்திராது என்பதே எமது எண்ணம். அன்றியும், சிதையாதிருக்கும் கல்நாரை அவசரப்பட்டுப் பெயர்ப்பதால் தூசி பெருகுமென்றும், அதனை மூடிக் காப்பதே பல இடங்களில் நன்றென்றும் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 1990இலேயே அறிவுறுத்தியிருந்தது. பீதிகொண்ட பெற்றாரிடம் இதனை எடுத்துச் சொல்வது எளிதன்று.

நம் நாட்டில் கல்நார் பெரும்பாலும் சீமெந்துடன் இறுகிய கூரைத் தகடாகவே உள்ளது. நீலக் கல்நார் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நாரின் இறக்குமதியையும் 2018 ஜனவரி முதல் நிறுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று ருஷியா நமது தேயிலையை மறித்தது. கல்நாரை நமக்கு விற்கும் நாடும் அதுவே. நமது தடை தள்ளிவைக்கப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டைப் பற்றி அதன்பின் அதிகம் பேச்சில்லை.

உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்கு மேலே இத்தகடு இருப்பின், அது முழுமையாக உள்ளவரை அஞ்சி ஓடவேண்டியதில்லை. அதிலே துளையிடுதல், வாளால் அறுத்தல், பாசியை உலர்ந்தபடி தேய்த்தல் ஆகியவையே ஆகா. போரிலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் இடிந்த கட்டிடங்களின் துண்டுகள் வளவுகளிற் கிடந்தால், அவற்றை உடைத்து விளையாடப் பிள்ளைகளை விடலாகாது. அப்புறப்படுத்துமுன் நீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். தும்புத்தடியால் உலரக் கூட்டாதீர்கள்.