புதுவையில் பாடிய பாரதியார்

முத்தமிழ் என்னும் சொல்லை நாம் நாடோறும் வழங்குகின்றோம். இயலும் இசையும் நாடகமும் ஒருங்கியைந்ததே தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயினும், வகுப்பினுட் புகுந்தவுடன் இயலை மட்டும் கையிற்கொண்டு, இசையை வாயிற்புறத்தே நிறுத்திவிடுகின்றோம். இதனால் நேரும் இழப்பு எத்துணைத்து என்பதை ஒரு புலவர் பெருமானது வாழ்க்கையைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அப்புலவர், புதுவை நகரிற் பத்தாண்டு வதிந்த சுப்பிரமணிய பாரதியார்.

பாரதியாரை நாம் கவிஞர் என்கின்றோம்; தேசபக்தர் என்கின்றோம்; பத்திரிகாசிரியர் என்கின்றோம். அவர் பாடகர் என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம். தாமே பாட்டியற்றி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய ஒருவர் அவர். இத்தகையோரை மேலைநாட்டார் இக்காலத்தில் ஒரு தனி வகையினராகவே போற்றுகின்றனர். 2016 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பெற்றபோது, பாடுதற்கென்று எழுந்தது இலக்கியமாகுமோ என்னும் வழக்கு உலகெங்கும் எழுந்தது. தேவாரத்தைப் பண்முறையால் வகுத்து வைத்த தமிழர்க்கு இவ்வையம் எழவேண்டுவதில்லை. நம்மவர்க்கு எழவேண்டிய வினா வேறு: பாடுதற்கென்று எழுந்ததனைப் பாடாது படித்தால் அதன் பயன் முழுதும் கிட்டுமோ என்பதே அது.

சென்னைக் கடற்கரை

1882 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார், 1904 ஆம் ஆண்டில் சென்னை சென்று 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் அமர்ந்தார். சுதேசியக் கிளர்ச்சி நாடெங்கும் மூண்டெழுந்த காலம் அது. சென்னைக் கடற்கரையிற் கூட்டங்கள் நிகழும்; அக்கூட்டங்களில் அவருடைய பாடல்கள் முழங்கும். 1907 ஆம் ஆண்டில், மிதவாதக் கட்சியினராகிய வி. கிருஷ்ணசாமி ஐயர், தம் கொள்கைக்கு மாறுபட்ட தீவிரக் கட்சியினராகிய பாரதியாரின் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு உளமுருகி, அவற்றைச் சிறு வெளியீடாக அச்சிட்டு 15,000 படிகளை இலவசமாக வழங்கினார். மாற்றுக் கட்சியாரையும் தன்வயமாக்கியது பாட்டின் ஆற்றலன்றோ!

இவ்வாறு ஆயிரக்கணக்கான மக்கள்முன் எழுந்து ஒலித்த குரல், 1908 ஆம் ஆண்டில் அவர்களினின்றும் பிரிக்கப்பட்டது. அவர் எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகையின்மேல் ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவையை அடைந்தார். பத்திரிகையும் அவரைப் பின்தொடர்ந்து ஈண்டு வந்தது; எனினும், ஆங்கில இந்தியாவினுள் அது புகாவண்ணம் தடை நேர்ந்தமையால் 1910 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. அது முதல் அவருக்கு மேடையுமில்லை, பத்திரிகையுமில்லை, ஒற்றர்கள் வாயிலிற் காத்திருந்தனர், வறுமை வீட்டினுட் குடியிருந்தது.

புதுவை தந்த கொடை

இத்தகைய நிலையிலேதான் 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' என்னும் மூன்று பெரும் படைப்புக்களும் தோன்றின. மூன்றனுள் இரண்டு 'பாட்டு' என்றே பெயர் பெற்றமை நோக்கத்தக்கது. மேடையிழந்த பாடகர்க்குப் புதுவை மூன்று நலங்களை ஈந்தது என்று கொள்ளலாம்.

முதலாவது, ஓய்வு. அன்றாடம் பத்திரிகைக்கு எழுதவேண்டும் என்னும் நெருக்கடி நீங்கியமையால் நீண்ட படைப்புக்களில் மனத்தைச் செலுத்த இயன்றது.

இரண்டாவது, தெருவின் இசை. ஏற்றமிறைப்போர் பாட்டு, நெல்லிடிக்கும் மகளிர் ஒலி, சுண்ணமிடிப்போர் பாட்டு, பண்ணைப் பெண்டிர் பாட்டு, வட்டமிட்டுக் கொட்டும் கும்மி ஆகிய இவற்றிலெல்லாம் நெஞ்சைப் பறிகொடுத்த நிலையைக் 'குயில் பாட்டு'க் கூறுகின்றது. சங்கீத சபையிலன்றி உழைப்போர் வாயிலே பிறந்த இசை என்பதே இவை அனைத்திற்கும் பொதுவான இயல்பு. அந்நூலில் வரும் சோலையும் புதுவை நகர்க்கு அணித்தாயிருந்த ஒரு மாந்தோப்பேயாம்.

மூன்றாவது, கேட்கும் நட்பு. சுவைஞர் சிலராயினும் நுண்ணுணர்வுடையோர். 1910 ஆம் ஆண்டில் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுவை வந்து சேர்ந்தனர். கண்ணன் பாட்டின் இரண்டாம் பதிப்பிற்கு 1919 ஆம் ஆண்டில் முன்னுரை வரைந்த ஐயர், நிலவெறிக்கும் கடற்கரையில் மாலைப்பொழுதிற் பாரதியார் தாம் புதிதாய்ப் புனைந்த கீர்த்தனங்களைப் படைப்பின் பெருமிதத்தோடு பாடக் கேட்டவர்களுள் தாமும் ஒருவர் என்பதையும், அவ்வாறு கேட்டோர்க்கு அப்பாடல்கள் மாணிக்கங்களாய்த் தோன்றுவதையும் குறித்துள்ளார். ஐயரோ கம்பனில் தோய்ந்த திறனாய்வாளர். அவரே அச்சிட்ட எழுத்தின்மேல் மட்டும் தம் மதிப்பை நிறுத்தாது, கேட்ட குரலையும் சான்றாகக் காட்டுகின்றார்.

இன்னுமொரு நிகழ்ச்சி புதுவையில் நன்கறியப்பட்டது. கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர் ஒரு திருமண வீட்டிற் பாரதியாரின் தேசியப் பாட்டைப் பாடினார். பாட்டிற்குரியவர் அவ்வவையிலேயே வீற்றிருந்ததை அவர் அறியார். பாடி முடிந்தபின்னரே அறிமுகம் நேர்ந்தது. பொருளுணர்ந்து பாடிய அவ்விளைஞரைப் பாரதியார் தம்மவராக ஏற்றுக்கொண்டார். அவ்விளைஞரே பின்னாளிற் பாரதிதாசன் (1891–1964) எனப் புகழ்பெற்றார். புதுவையின் இருபெருங் கவிஞரையும் பிணைத்தது அச்சிட்ட நூலன்று. வாயிற் பிறந்த பாட்டே என்பதை மறத்தலாகாது.

மெட்டும் யாப்பும்

பாரதியார் கச்சேரி செய்யும் வித்துவான் அல்லர். ஆயினும் இசையைப்பற்றித் தெளிந்த கொள்கையுடையவர். 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில், அக்கால வித்துவான்கள் பொருள் விளங்காத சில கீர்த்தனங்களையே இடந்தோறும் திரும்பத் திரும்பப் பாடுவதையும், குரற் பயிற்சியைப் புறக்கணிப்பதையும், ஆர்மோனியத்தின் ஒலியையும் அவர் கடிந்துரைக்கின்றார். சுவை வேறுபாடு தோன்றப் பாடவேண்டும் என்பதும், பொருளுணர்ந்து தமிழிற் புதியன பாடவேண்டும் என்பதும் அவர் கருத்து. 1912 ஆம் ஆண்டில் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோதும், எளிய சொல், எளிய நடை, எளிய சந்தம் என்பவற்றோடு பொதுமக்கள் விரும்பும் மெட்டினையும் ஓர் இலக்கணமாகவே முன்னுரையில் வைத்தார்.

அவர் கையாண்ட மெட்டுக்களை நோக்குவோம். 'வந்தே மாதரம்' என்னும் பாட்டிற்கு நாதநாமக்கிரியை இராகமும் ஆதி தாளமும் தலைப்பிற் குறிக்கப்பட்டுள்ளன. 'எங்கள் தாய்' என்னும் பாட்டு, அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து மெட்டில் அமைந்தது. 'நடிப்புச் சுதேசிகள்' கிளிக்கண்ணி; 'பெண்கள் விடுதலைக் கும்மி' பெயரளவிலேயே தன் மெட்டை உணர்த்துவது. 'சுதந்திரப் பெருமை', கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்து மெட்டிற் பாடப்பட்டது. ஊரார் வாயில் முன்னரே தவழ்ந்த மெட்டைத் தேர்ந்தமையால், புதிய கருத்தைக் கொண்டுசெல்லும் ஊர்தி ஆயத்தமாகவே நின்றது. மேலும், நந்தனாரின் விடுதலை வேட்கையைப் பாடிய மெட்டினாலேயே நாட்டின் விடுதலை வேட்கையைப் பாடும்பொழுது, பழம்பாட்டின் உணர்ச்சி முழுதும் புதுப்பாட்டினுட் பாய்கின்றது. மெட்டை அறியாதார்க்கு இந்நயம் சிறிதும் புலனாகாது.

இனி, 'பாஞ்சாலி சபத'த்திற் பெரிதும் பயிலும் நொண்டிச் சிந்தினை எடுத்துக்கொள்வோம். நேரசை, நிரையசை என வகுத்து அலகிடும் முறையைச் சிந்தின்மேல் ஏற்றிப் பார்க்கும் மாணாக்கர் இடர்ப்படுவர். ஓரடி நீண்டும் ஓரடி குறுகியும் தோன்றும். குறை பாட்டிலன்று, அளவுகோலிலேயாம். சிந்தின் இலக்கணத்தை ஆராய்ந்து 'சிந்துப் பாவியல்' என்னும் நூல் யாத்தவரும் புதுவை அறிஞரே. அவர் இரா. திருமுருகனார் (1929–2009). சிந்தில் எழுத்தொன்றே அசையாய் நிற்கும். குறிலாயினும் நெடிலாயினும் தாளத்தின்முன் அவை நிகர். எழுத்துக் குறைந்தவிடத்துக் குரல் நீண்டு அவ்விடத்தை நிரப்பும். அடியின் நடுவே தனிச்சொல் வந்து நிற்குமிடத்தும், அடியின் இறுதியிலும் இந்நீட்டம் நிகழும். ஆகவே சிந்தின் ஒரு பகுதி ஏட்டில் உள்ளது; மற்றொரு பகுதி பாடுவோன் மிடற்றில் உள்ளது. பாடாது படிப்போன் பாதிப் பாட்டையே படிக்கின்றான்.

எஞ்சியதும் இழந்ததும்

1918 ஆம் ஆண்டு நவம்பரிற் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். எல்லை கடந்தவுடன் கடலூரிற் சிறைப்படுத்தப்பட்டு, டிசம்பரில் விடுதலை பெற்றார். 1921 ஆம் ஆண்டு செப்டம்பரில், முப்பத்தொன்பது ஆண்டு நிரம்புமுன்னரே, சென்னையில் மறைந்தார். அவர் குரல் இசைத்தட்டிற் பதிவாகி நமக்குக் கிட்டவில்லை.

இவ்விடத்து இருவரை ஒப்புநோக்குதல் தகும். தியாகராச சுவாமிகட்குச் (1767–1847) சீடர் பலர் இருந்தனர். அவர் கீர்த்தனங்கள் குரு சிஷ்ய பரம்பரையாக இன்றளவும் வருகின்றன. வங்கத்து இரவீந்திரநாத தாகூருக்கு (1861–1941) அவர் தமையனாரின் பேரர் தினேந்திரநாதர் வாய்த்தார். கவி புதுப்பாட்டுப் பாடுந்தோறும் அவர் அதனைக் கற்று, சுரப்படுத்திக் காத்தார். பாரதியார்க்கோ பத்தாண்டு அயலாட்சி வாழ்வு, சீடப் பரம்பரையில்லை, சுரப்படுத்துவாரில்லை. ஆயிரவர் கேட்டிருக்கவேண்டிய பாட்டைக் கடற்கரையிற் பத்துப்பேரே கேட்டனர். கேட்டோர் மறைய, கேள்வியும் உடன் மறைந்தது.

'கண்ணம்மா – என் குழந்தை' என்னும் பாட்டு இதற்குத் தக்க சான்று. கவிஞர் அதற்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறித்தார். சுரங்களும் தலைப்பில் அச்சிடப்பட்டன. இன்று நாம் கேட்பதோ வேறு. 1951 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மணமகள்' திரைப்படத்திற்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்து, எம்.எல். வசந்தகுமாரி பாடிய இராகமாலிகையே பரவியுள்ளது. அது செவிக்கினிய படைப்பு என்பதில் ஐயமில்லை. டி.கே. பட்டம்மாள் முதலியோரும், 1947 ஆம் ஆண்டின் 'நாம் இருவர்' போன்ற திரைப்படங்களும், வானொலியும் இப்பாடல்களைச் சிற்றூர்தோறும் கொண்டுசென்றமைக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. 1949 ஆம் ஆண்டில் சென்னை அரசு பதிப்புரிமையை ஏற்றமையும், பின்னர் அவ்வுரிமை பொதுமக்கட்கே ஆக்கப்பட்டமையும், யார் வேண்டுமாயினும் அவர் பாட்டைப் பாட வழிவகுத்தன. புதிய மெட்டுக்கள் பிறத்தலைக் குறைகூறுவாரில்லை. ஆயின், புதிய மெட்டு ஒலிக்கும்பொழுது பழைய மெட்டொன்று உண்டு என்னும் நினைவேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

தமிழ் பயிலும் நாம் இவ்விழப்பிற்குச் சிறிதேனும் பரிகாரம் செய்தல் கூடும். முதற்கண், பாரதியார் பாடல்களின் தலைப்பிலுள்ள இராகம், தாளம், மெட்டு என்னும் குறிப்புக்களை நூலின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். அவற்றை நீக்கி அச்சிடும் பதிப்புக்கள் கவிஞர் எழுதியவற்றுள் ஒரு கூற்றை அழிப்பனவேயாம். இரண்டாவது, காவடிச் சிந்தும் கிளிக்கண்ணியும் கும்மியும் நொண்டிச் சிந்தும் நம் ஊர்ப் பெரியோர் சிலர் வாயில் இன்னும் உயிர்த்திருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மெட்டையேனும் கேட்டுக் கற்று, கையிலுள்ள கைப்பேசியிற் பதிந்து வருவரேல், பாரதியார் பாட்டு வந்த வழி நமக்குத் திறக்கும். பாரதியார் காலத்தில் எளிதிற் கிட்டாத கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. மூன்றாவது, வகுப்பில் அவர் பாட்டைப் பொருளுரைக்குமுன் ஒருமுறை பாடிக் கேட்டல் வேண்டும். குரல்வளம் குறைந்தவரும் தாளமிட்டுச் சொல்லலாம். சிந்துக்குத் தாளமே யாப்பு.

பாரதியார் வாழ்ந்த இல்லம் புதுவையில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவில்லமாக விளங்குகின்றது. அவர் எழுத்துக்களும் பதிப்புக்களாய் நிலைபெற்றுள்ளன. கல்லும் ஏடும் காக்கப்பட்டன. காற்றில் எழுந்த பாட்டைக் காத்தல் மட்டும் நம் மிடற்றிற்கும் செவிக்கும் உரிய கடனாய் நிற்கின்றது. அக்கடனை ஆற்றுவோமாக.