மச்சின்மேல் ஒரு குடித்தனம்

எறணாகுளம் பிராட்வேயிலும், காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியிலும் உள்ளவை போன்ற பழைய ஓட்டுக் கட்டடங்களில் குடியிருப்போர் நன்கறிந்த ஓசை ஒன்று உண்டு. கடைகள் அடைபட்டு, சுமைவண்டிகளின் சத்தமும் ஓய்ந்த நள்ளிரவில், தலைக்கு மேலே மச்சுப் பலகையின்மீது யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது போலக் கேட்கும். பேய் என்று அஞ்சினோரும், திருடன் என்று தடி எடுத்தோரும் உளர். விளக்கைக் காட்டினால் அங்கே இருப்பது பெரும்பாலும் மரநாய்.

மலையாள அன்பர்கள் இதனை 'மரப்பட்டி' என்பர். நம் நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்குப் 'பட்டி' என்றவுடன் ஆட்டுப்பட்டியோ உசிலம்பட்டியோ நினைவுக்கு வரும். மலையாளத்தில் பட்டி என்பது நாய். ஆகவே இரு மொழியினரும் இதற்கு ஒரே பெயரைத்தான் இட்டிருக்கின்றனர். இரு மொழியினர் இட்ட பெயரும் பொருந்தாதது என்பதே வேடிக்கை. இவ்விலங்கு நாயினத்தைச் சேர்ந்தது அன்று, புனுகுப்பூனையின் குடும்பத்தது, உறவு முறை பார்த்தால் நாயைவிடப் பூனைக்கே நெருக்கமானது. ஆங்கிலேயரோ கள்ளுப்பூனை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். பனையிலும் தென்னையிலும் கட்டிய கலயத்துக் கள்ளை இரவில் ஏறிக் குடிக்கும் வழக்கம் இதற்கு உண்டு.

இதன் எடை இரண்டு முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய ஈடாக வாலும் நீண்டிருக்கும். சாம்பல் நிற மேனியில் கரிய புள்ளிகளும், முகத்தில் முகமூடி இட்டாற்போன்ற கருமையும் காணப்படும். அந்தி சாய்ந்த பின் தனியே புறப்பட்டு, விடியுமுன் இருப்பிடம் திரும்பிவிடும். பழங்களே முதன்மையான உணவு. எலி, பூச்சி, பறவை முட்டை ஆகியவற்றையும் விடுவதில்லை. உண்ட பழத்தின் விதைகள் செரிக்காமல் எச்சத்தோடு வெளிப்பட்டு வேறிடத்தில் முளைக்கும். பிரியாணியில் இடும் ரம்பை இலையின் மணம் இரவில் வீசினால் மரநாய் அருகில் உள்ளது என்று பலரும் கூறுவர். இதன் வாலடியில் மணச்சுரப்பிகள் உள்ளமை உண்மையே.

இத்தகைய விலங்கு நகரத்துக்குள் எவ்வாறு நிலைத்தது? காட்டில் மரநாய் தேடுவன மூன்று: பழம், பகலில் உறங்கவும் குட்டி ஈனவும் ஒரு மரப்பொந்து, தரையில் இறங்காமல் செல்ல ஒரு வழி. வீட்டுத் தோட்டத்து மாவும் பலாவும் வாழையும் கொய்யாவும் முதலாவதை அளிக்கின்றன. ஓட்டுக்கும் மச்சுக்கும் இடைப்பட்ட இருண்ட வெளி, மரநாயின் கணக்கில், மிகப் பெரியதொரு பொந்து. கிளைகளும் மதில்களும் கம்பிகளும் பாதையாகின்றன. நாம் அதன் காட்டை அழித்தோம் என்று மட்டும் சொல்லுவது பாதி உண்மையே. நம்மை அறியாமல் அதற்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்தோம். வீட்டின் பெருமை சிறுமையை அது பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தில் அமைச்சர்களின் அரசு இல்லங்களிலேயே மரப்பட்டித் தொல்லை உள்ளது என்பதும், தேய்த்து வைத்த சட்டையும் அதனால் கெடுகின்றது என்பதும் முதலமைச்சர் வாயாலேயே வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டன.

இதே கதை வட அமெரிக்காவில் வேறொரு விலங்கைக் கொண்டு நடக்கின்றது. அதன் பெயர் ராக்கூன். அதுவும் முகமூடி முகத்தது, இரவில் உலவுவது, கிடைத்ததை உண்பது. ஆனால் உறவில் இது நாய், கரடி ஆகியவற்றின் பக்கத்தது. தொலைதூரத்து இரு குடும்பங்கள் ஒரே பிழைப்பை மேற்கொண்டு ஒரே தோற்றத்துக்கு வந்திருப்பது வியப்பன்றோ? ராக்கூனின் சிறப்பு அதன் முன்னங்கைகள். அவை கண்ணைப்போல் தொட்டறிய வல்லவை. 'கையால் பிறாண்டுபவன்' என்ற கருத்துடைய அந்நாட்டுப் பழங்குடிச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது. ஆற்றங்கரைக் காடுகளில் மரப்பொந்தில் வாழ்ந்த இது, இன்று வீட்டு மச்சிலும் புகைபோக்கியிலும் குட்டி போடுகின்றது. கனடாவின் டொராண்டோ நகராட்சி, ராக்கூன் திறக்க இயலாத பூட்டுடைய குப்பைத் தொட்டிகளை 2016 முதல் வழங்கியது. செலவு 3 கோடியே 10 லட்சம் டாலர். அதன் பின்னரும் சில ராக்கூன்கள் அத்தொட்டியைத் திறந்துவிட்டன! 2018இல் மின்னெசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு ராக்கூன், இருபது மாடிக்கும் மேற்பட்ட கட்டடத்தின் வெளிச்சுவர் வழியே உச்சி வரை ஏறியது. ஊரே அண்ணாந்து நின்றது.

இரு கண்டங்களுக்கும் பொதுவான ஓர் உயிரையும் இங்கே குறிப்பிடலாம். கேரள உயர்நீதிமன்றத்தை அடுத்து, 2.74 ஹெக்டேர் பரப்பே உள்ள மங்களவனம் என்னும் அலையாத்திக் காடு, 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மாலையில் குரல் எழுப்பிப் பறக்கும் வக்கா என்னும் இரவுக் கொக்கு, அதே இனமாக அமெரிக்காவிலும் நகர மரங்களில் கூடு கட்டுகின்றது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2019இல் அதனைத் தன் நகரப் பறவையாகவே ஏற்றுக்கொண்டது.

எல்லா விலங்கும் இவ்வாறு நகரோடு ஒத்துப்போகும் என்று எண்ணுதல் தவறு. மரநாய்க்கு நெருங்கிய உறவான பழுப்பு மரநாய், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. களக்காடு-முண்டந்துறைக் காட்டில் திவ்யா முத்தப்பா அவர்கள் நடத்திய ஆய்வு, அது பெரிதும் மழைக்காட்டுப் பழங்களையே நம்பி வாழ்வதை எடுத்துக்காட்டியது. அம்மரங்கள் போனால் அதற்கு மாற்றிடம் அரிது. அமெரிக்காவிலும் அவ்வாறே. ஓநாயைக் கொன்று துரத்திய நிலங்களில் கோயோட்டி என்னும், நம் குள்ளநரியை ஒத்த விலங்கு பெருகிக் கிழக்குக் கரை வரை பரவிற்று. சிகாகோவின் நடுவிலும் வாழ்கின்றது. பரந்த எல்லையும் பெரிய இரையும் வேண்டிய ஓநாயோ அவ்வாறு திரும்ப இயலவில்லை.

இனி, மச்சின்மேல் குடித்தனம் நடத்தும் விருந்தாளியை என் செய்வது? தொல்லை பொய்யன்று. சிறுநீர்க் கறை பலகையில் ஊறும், ஓடு நகரும், மழை ஒழுகும், கீழே துணி மூட்டையோ மளிகைச் சரக்கோ இருந்தால் நட்டமே. ஆயினும் எலிக்கு நஞ்சிடுவதுபோல் இதற்கும் இடலாம் என நினைப்பது பெருந்தவறு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காக்கின்றது, கொல்லுதல் குற்றம். எலிக்கு வைத்த நஞ்சை எலி உண்ண, அந்த எலியை மரநாயோ ஆந்தையோ உண்டு மாளுவதும் உண்டு. பின்னர் எலிகளுக்குக் கொண்டாட்டந்தான்.

பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாமே என்பார்க்கு அமெரிக்கர் கற்ற பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1970களில் வேட்டைக்காக ராக்கூன்களைத் தெற்கே இருந்து பிடித்து வெர்ஜீனியாப் பக்கம் கொண்டுபோய் விட்டனர். அவற்றோடு வெறிநோயும் சென்றது. அங்கிருந்து கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் ராக்கூன்களிடையே அந்நோய் பரவ, இன்றுவரை தடுப்பு மருந்து இட்ட தீனியை வானூர்தியிலிருந்து தூவிவருகின்றனர். மேலும், ஒன்றைப் பிடித்தால் காலியான மச்சுக்கு இன்னொன்று வரும். வழி திறந்திருக்கின்றதல்லவா!

ஆகவே வழியை அடைப்பதே முறை. அதிலும் காலம் அறிய வேண்டும். மரநாய் ஒரு முறைக்கு இரண்டு முதல் ஐந்து குட்டிகள் ஈனும். மெல்லிய கீச்சொலி கேட்டால் உள்ளே குட்டிகள் உள்ளன என்று கொள்ளலாம். அப்போது துளையை அடைத்தால் தாய் வெளியே நின்று ஓட்டைப் பெயர்க்கும்; குட்டிகள் உள்ளே மடிந்து நாறும். சில வாரம் பொறுத்து, குட்டிகள் தாயோடு வெளியேறத் தொடங்கிய பின், இரவில் எல்லாம் இரை தேடச் சென்றதை உறுதிசெய்துகொண்டு, உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையுள்ள துளைகளைக் கம்பி வலையால் மூடலாம். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடவும். அழுகிய பழமும் மீன் கழிவும் இரவில் திறந்து கிடக்கலாகாது. அகப்பட்டுக்கொண்ட விலங்கை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ, காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.