உயிருள்ள கற்கள்

(வாசிக்க: 1 பேதுரு 2:4-8)



கடல்நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டிகளைக் கொழும்பின் ஹோட்டல் வரவேற்பறைகளில் நீங்கள் கண்டிருக்கலாம். பவளங்கள் மலர்களைப் போல் விரிந்திருக்க, அவற்றினிடையே வண்ண மீன்கள் நீந்தும் காட்சி கண்ணைக் கவரும். அத்தகைய தொட்டியொன்றை நுவரெலியாவிலுள்ள ஒரு புதிய வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வழியில் எதனை முதலாவதாகக் காப்பாற்ற வேண்டும்?

மீன்களை என்போம், அல்லது பழைய நீரை என்போம். அனுபவம் உள்ளவர்களோ, தொட்டியின் அடியில் அழகின்றிக் கிடக்கும் கரடுமுரடான பாறைத் துண்டுகளையே சுட்டிக்காட்டுவர். அவற்றை அவர்கள் ‘லைவ் ரொக்’ என்று அழைக்கின்றனர். உயிருள்ள பாறை என்பது அதன் பொருள்.

மீன்களின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. அந்நஞ்சைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் அல்ல, அப்பாறையின் துளைகளிலேயே ஒட்டி வாழ்கின்றன. நீரைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ளலாம். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பு போதும். பாறை உலர்ந்துவிட்டாலோ அதில் வாழ்பவை மடிந்து அழுகி, புதிய தொட்டியில் அதே நஞ்சைப் பெருக்கும். கண்ணாடி பளபளக்கும், மீன்கள் இறக்கும்.

ஆகவே மலைப்பாதையில் பல மணிநேரம் பயணித்தாலும், பாறைகள் கடல்நீரில் மூழ்கியே வரவேண்டும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில், 25 பாகை செல்சியஸ் அளவுக்கு நீரை முன்னரே சூடாக்கி வைத்திருக்க வேண்டும். முதலில் பாறை, அடுத்துப் பவளம், இறுதியில் மீன். இதுவே முறை.

அன்பர்களே, நாமும் இடம்பெயர்த்து வைக்கப்பட்ட மக்கள் அல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் பவளப்பாறைகள் நிறைந்த மன்னார்க் கடலைக் கடந்து, காடுகளினூடே நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களது விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியோர் மீண்டும் இடம்பெயர்ந்தனர்.

லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குச் செல்லும் மகிழ்ச்சியான பெயர்வும் உண்டு. இந்திய உதவியுடனான 4,000 வீடுகளுக்கு மேலாக மேலும் 10,000 வீடுகள் 2017 மே 12 அன்று நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. சொந்த நிலமும் சொந்த வீடும் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை. அது கிடைக்கும்போது இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

ஆயினும் ஒரு கேள்வி. அந்நாளில் லொறியில் எதனை ஏற்றுகின்றோம்? தொலைக்காட்சியையும் அலுமாரியையும் துணி சுற்றிக் கவனமாக ஏற்றுகின்றோம். உயிருள்ள பாறையை ஏற்றினோமா?

லயம் அழகானதன்று. அதன் புகையையும் நெருக்கடியையும் எண்ணி எவரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரு காம்பராவில் குழந்தை இருமினால் அடுத்த காம்பராவில் விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் மற்ற வீடுகளின் அடுப்புகள் அவ்வீட்டுக்காகவும் எரிந்தன. மே மாதத்திலும் ஒக்டோபரிலும் செபமாலை வீடு வீடாகச் சென்றது. இஸ்தோப்பில் அயல்வீட்டு இந்துச் சகோதரரும் வந்து அமர்ந்தார். காலையில் பீலிக்கரையில் மூண்ட சண்டை மாலைச் செபத்தில் தணிந்தது. ஒவ்வொரு நாளின் கசப்பையும் அன்றன்றே மாற்றிய உயிர் அதுவே.

வேலியிட்ட புதிய வீட்டில் அந்த உயிர் உலர்ந்துவிட்டால், எல்லைத் தகராறும் மதுவும் தனிமையும் நஞ்சாகச் சேரும். சுவர் வெள்ளையாயிருப்பதால் மட்டும் எவரும் வாழ்ந்துவிட முடியாது.

ஈசாக்கைப் பாருங்கள். பெயேர்செபாவுக்கு வந்ததும் அவர் முதலில் பலிபீடம் எழுப்பினார். பின்பு கூடாரம் அடித்தார். அதன் பின்னரே பணியாளர் கிணறு தோண்டினர் (தொடக்கநூல் 26:25). அங்கும் ஒரு முறை இருந்தது.

இன்னுமொன்று. இடம் மாறிய பவளம் சில நாட்கள் சுருங்கியே கிடக்கும். அறியாதவர் இறந்துவிட்டதென எண்ணி எறிவர். அறிந்தவர் ஒளியைக் குறைத்து, தொடாமல், பொறுமையுடன் காத்திருப்பர். புதிய வீட்டின் மூலையில் பேசாமல் அமர்ந்திருக்கும் பாட்டியையும், புதிய பாடசாலையில் வாய் திறவாத பிள்ளையையும் அவ்வாறே நடத்துங்கள். கடிந்துகொள்ள வேண்டாம், அருகில் இருங்கள். அவர்கள் மலர்வார்கள்.

தூய பேதுரு தம் முதல் திருமுகத்தை எழுதியது சிதறுண்டு அந்நியராய் வாழ்ந்த மக்களுக்கே. அவர்களைத்தான் உயிருள்ள கற்கள் என்று அவர் அழைத்தார். கட்டுவோர் ஒதுக்கிய கல்லாகிய கிறிஸ்துவோடு இணைந்திருக்கும்வரை, எந்த மலைக்குப் பெயர்க்கப்பட்டாலும் நாம் உயிரோடிருப்போம்.

புதிய வீட்டில் குடியேறியிருக்கிறீர்களா? இன்று மாலையே அயலவரை அழைத்து, ஒரு செபமாலை சொல்லி, ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். பாறை உலராதிருக்கட்டும்.

செபம்: ஆண்டவரே, எங்கள் வீடுகள் மாறினாலும் எங்கள் அடித்தளமாகிய நீர் மாறாதவர். எங்கள் உறவுகள் உலர்ந்துபோகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.