புயல் ராத்திரியில் கரண்டு போனால் இந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

விழுப்புரம், திண்டிவனம் பெற்றோர் இப்போதே யோசிக்க வேண்டிய விஷயம்

விழுப்புரம்-

கரண்டு போனால் நமக்கு என்ன? மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்வோம். விசிறியை எடுத்து வீசிக்கொள்வோம். கொசுவைத் திட்டிக்கொண்டே தூங்கிவிடுவோம்.

ஆனால் ஆக்சிஜன் மிஷினை நம்பி மூச்சு விடும் குழந்தை என்ன செய்யும்? எடை குறைவாகப் பிறந்து, ஆஸ்பத்திரியில் சூட்டு மிஷினுக்கு அடியில் கிடக்கும் பச்சைக் குழந்தை? தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பள்ளிக்கூடப் பிள்ளை?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ராத்திரியை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நகராமல் நின்ற புயல்

அன்றுதான் 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போய்த் தொலைந்ததா? இல்லை. அங்கேயே மணிக்கணக்கில் நின்றுகொண்டு கொட்டியது. மறுநாள் காலை கணக்கெடுத்தபோது மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை! புதுச்சேரியும் தண்ணீரில் மிதந்தது.

டிசம்பர் 2-ந் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரெயில் பாலத்தில் அபாய அளவைத் தாண்டி வெள்ளம் ஓடியதால் ரெயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையை வெள்ளம் மறித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதும் அதே முண்டியம்பாக்கத்தில்தான். திண்டிவனத்தில் இருந்து அவசரமாக ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் ஒன்று இங்கே வர வேண்டும், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர், அதுவும் இல்லையென்றால் செங்கல்பட்டு. வெள்ளம் வந்த பிறகு எந்த ரோடு திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

காற்று அடித்தால் வேறு கதை. 2011 டிசம்பர் 30-ந் தேதி வந்த 'தானே' புயலில் மின் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கடலூர், புதுச்சேரி பக்கம் பல ஊர்களில் நாள் கணக்கில் இருட்டு.

9-வது மாடியில் இருந்து...

பணக்கார ஊரில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2012 அக்டோபரில் 'சாண்டி' புயல் நியூயார்க்கைத் தாக்கியது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் நின்றுபோனது. லிப்ட் கிடையாது. 20 பச்சைக் குழந்தைகளை நர்சுகள் மார்போடு அணைத்து, 9-வது மாடியில் இருந்து படி வழியாக இறக்கினார்கள். மிஷினில் மூச்சு விட்ட குழந்தைகளுக்குக் கையாலேயே பலூன் அழுத்திக் காற்று கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள்! அத்தனை குழந்தைகளும் பிழைத்தன.

ஆக, ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது, மிஷின் நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் ஜெனரேட்டருக்கு ஆயுத பூஜை அன்று பொட்டு வைப்பதோடு சரி. வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால்தானே வண்டவாளம் தெரியும்!

இன்னொரு யோசனை. புயல் எச்சரிக்கை வந்ததும் பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. நல்ல ஏற்பாடு. கிராம சுகாதார நர்சு கையில் பட்டியல் இருக்கிறது. அதே நோட்டில் இந்தப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி வைத்தால் என்ன? கூடுதல் செலவு ஒரு பேனா மை!

வீட்டில் என்ன செய்யலாம்?

கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷின் வைத்திருப்பவர்கள் சிலிண்டர் ஒன்றும் வைத்திருப்பது நல்லது. கணக்கு சுலபம். 1,500 லிட்டர் சிலிண்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் போனால் சுமார் 12 மணி நேரம் வரும். அதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும்.

இன்சுலினைப் பற்றி ரொம்பக் கலங்க வேண்டாம். உபயோகத்தில் உள்ள மருந்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இருந்தால் சுமார் 4 வாரம் தாங்கும். மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைக்கலாம். ஐஸ் கட்டி மேல் மட்டும் நேரடியாக வைக்கக்கூடாது. உறைந்தால் மருந்து வீண்.

வலிப்பு மாத்திரை ஒரு வேளை கூட தவறக்கூடாது. கடை மூடுவதற்கு முன் 2 வாரத்துக்கு வாங்கி வைத்துவிட வேண்டும். தலசீமியா பிள்ளைகளுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். புயல் வருகிற வாரத்தில் தேதி விழுந்தால் முன்னாடியே ஏற்றலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

எடை குறைந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டீர்களா? தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்து மேலே துணி சுற்றுங்கள். கங்காரு முறை என்பார்கள். கரண்டே வேண்டாத சூடு இது!

ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மின்சாரப் புகாருக்கு 94987 94987. இவற்றைச் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள், சார்ஜ் போய்விடும். குழந்தையின் மருந்துச் சீட்டு நகலோடு ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவு ஆணியில் மாட்டிவிடுங்கள்.