எண்ணூறு கிராமுக்கு எந்த மோட்டார்?

ராஜபாளையத்தில் நூற்பாலைகள் ஓடும்வரை மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்கும் வேலை இருக்கும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனமுள்ள கம்பியில் அதே எண்ணிக்கையில் மறுபடி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். இந்த வேலை பழகியவர் கையில், ரிமோட் விமானத்துக்குப் போடும் சின்ன மோட்டார் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதன் மேல் எழுதியிருப்பதில் பாதி அவருக்குத் தானாகவே புரிந்துவிடும். அந்தப் பாதியில்தான் விமானம் கட்டக் கிளம்பும் கல்லூரி மாணவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஏ2212 என்ற மோட்டார். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். போனில் தட்டினால் கூரியரில் வீட்டுக்கே வரும். 22 என்பது உள்ளே அசையாமல் நிற்கும், காயில் சுற்றிய இரும்புப் பகுதியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 அதன் உயரம். ஓரம் முழுக்கக் காந்தம் ஒட்டிய வெளிக்கூடு இதைச் சுற்றிச் சுழலும். மில் மோட்டாரில் வெளியே இருப்பது நிற்கும், உள்ளே இருப்பது சுற்றும். இங்கே அது அப்படியே தலைகீழ்.

ஒரே உருவம், ஏறக்குறைய ஒரே எடை. ஆனாலும் இதில் பல ரகங்கள் உண்டு. ஒன்றில் ‘13டி, 1000 கேவி’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘10டி, 1400 கேவி’. மூன்றாவதில் ‘6டி, 2200 கேவி’. டி என்பது காயிலில் உள்ள கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை. சுற்றையும் கேவியையும் பெருக்கிப் பாருங்கள்: 13,000, 14,000, 13,200. சுற்று குறையக் குறையக் கேவி ஏறுகிறது. பெருக்குத்தொகை ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

காரணம் எளிது. காந்தம் காயிலைக் கடந்து ஓடும்போது, காயிலில் ஒரு மின்னழுத்தம் பிறந்து பேட்டரியை எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு பேட்டரிக்கு ஈடாகும்வரை மோட்டார் வேகம் எடுத்துக்கொண்டே போகும். சுற்று அதிகமானால் எதிர்ப்பு சீக்கிரம் பிறக்கும். வேகம் குறைவிலேயே நின்றுவிடும். சுற்று குறைவானால் அதே எதிர்ப்பைக் கொடுக்க இன்னும் வேகமாக ஓடியாக வேண்டும். சுமை எதுவும் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் கேவி. 1000 கேவி மோட்டாரை 11.1 வோல்ட்டில் வெறுமனே ஓடவிட்டால் நிமிடத்துக்கு 11,100 தடவை சுழலும்.

கடை கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, 2200 கேவி இருக்கா? அதுதானே பவர் ஜாஸ்தி?” இல்லை, தம்பி. கேவி இரண்டு மடங்கானால் ஒவ்வோர் ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை பாதியாகும். லாரியின் கியரை மாற்றுவதைப் போலத்தான்: இன்ஜின் அதே இன்ஜின், முதல் கியரில் மெதுவாக இழுக்கும், டாப் கியரில் வேகமாக ஓடும். மோட்டார் எவ்வளவு சக்தியைத் தாங்கும் என்பதை அதன் இரும்பும் செம்பும், சூடு வெளியேறும் வழியும் தீர்மானிக்கின்றன. எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது எடையும், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதும்தான். கேவியைக் கடைசியில் கேட்டால் போதும்.

அப்படியானால் முதலில் எது? விமானத்தின் எடை. பேட்டரி, மோட்டார், சர்வோ, பசை, ஒட்டிய டேப் எல்லாம் சேர்த்துப் பறக்கப்போகும் மொத்த எடை. ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டிய, ஒரு மீட்டர் சொச்சம் இறக்கை நீளமுள்ள பயிற்சி விமானம் ஒன்று சுமார் 800 கிராம் வரும் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் கையாளும் கணக்கு, கிலோவுக்கு இத்தனை வாட் என்பது. காற்றிலேயே மிதந்து போகும் கிளைடருக்குக் கிலோவுக்கு 100 வாட் போதும். பயிற்சி விமானத்துக்கு 150. குட்டிக்கரணம் போட வேண்டுமென்றால் 200-க்கு மேல். நம் 800 கிராமுக்கு 120 வாட். 11.1 வோல்ட்டில் அது ஏறக்குறைய 11 ஆம்பியர். 13 சுற்று ஏ2212 சுமார் 12 ஆம்பியர் வரை கொஞ்ச நேரம் தாங்கும். பொருத்தம் சரி.

இந்த 120 வாட்டும் பறப்பதற்கே செலவாகிறதா? அதுதான் சுவாரசியமான விஷயம். சீராக, மட்டமாகப் பறக்கும் விமானம் காற்றின் இழுவையை மட்டும் சமாளித்தால் போதும். ஃபோம் விமானத்தில் அந்த இழுவை எடையில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்தால் 1.3 நியூட்டன். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அதற்குத் தேவை 13 வாட். மோட்டாரும் புரொப்பெல்லரும் விழுங்குவதைச் சேர்த்தாலும் பேட்டரியிலிருந்து 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். மிச்சம் 90 வாட் மேலே ஏறவும், புல்லிலிருந்து கிளம்பவும், தவறாகத் திருப்பிவிட்டால் தப்பிக்கவும் கையிருப்பு. அதே 800 கிராம் எடையுள்ள நான்கு விசிறி ட்ரோன், எங்கும் போகாமல் அந்தரத்தில் சும்மா நிற்கவே 100 வாட்டுக்கு மேல் கேட்கும். இறக்கை செய்யும் உதவி அவ்வளவு. ட்ரோன் மோகத்தில் இறக்கையை மறந்துவிட்டோம் என்பது என் ஆதங்கம்.

மோட்டாருக்கும் காற்றுக்கும் நடுவில் இருப்பது புரொப்பெல்லர். இதில் செய்யும் தப்புக்கு விலை அதிகம். 9×6 என்று எழுதியிருந்தால் 9 அங்குல விட்டம். ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 6 அங்குலம் முன்னேறும். சுழல்வேகம் மாறாமல் விட்டத்தை 8-லிருந்து 10 அங்குலமாக்கினால், மோட்டார் தர வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். விட்டத்தின் நான்காம் அடுக்காக அது ஏறுகிறது. மோட்டார் அதைத் தரப் பார்க்கும், ஆம்பியரை இழுக்கும், காயில் சூடாகும். காயில் கட்டும் கடையில் வார்னிஷ் கருகும் வாடை எல்லோருக்கும் தெரியும். அதே வாடைதான் இங்கேயும் வரும். 1000 கேவி மோட்டாருக்கு 9 அங்குலம் நிம்மதி, 10 அங்குலம் எல்லைக்கோடு. 2200 கேவிக்கு 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அது சின்ன முக்கோண இறக்கையோடு சீறிப் பாயும் விமானங்களுக்கானது. பழகும் கைக்கு அல்ல.

இனி நம் ஊர்க் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில்தான் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது உருண்டு புரண்டுதான் வரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமென்றால் 800 கிராம் ஃபோமுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் அது நாம் சொன்ன திசையில் பறக்காது என்பதுதான் சிக்கல். இங்கே பார்க்க வேண்டியது புரொப்பெல்லரின் முன்னேறும் வேகம். சுமையோடு நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால், 4.5 அங்குல முன்னேற்றம் உள்ள புரொப்பெல்லர் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் தள்ள முடியாது. விமானம் அதிலும் முக்கால் பங்குதான் எட்டும். எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வீசினால், ஓடி ஓடியும் அங்கேயே நிற்கும். 6 அங்குல முன்னேற்றம் என்றால் கணக்குப்படி மணிக்கு 73 கிலோமீட்டர். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை பறக்கவிடுகிறவர், விட்டத்தை ஓர் அங்குலம் குறைத்து முன்னேற்றத்தைக் கூட்டுவது நல்லது. அதைவிட நல்லது, விடியற்காலையில் போய்விடுவது. மலை இன்னும் சூடேறாத அந்த நேரத்தில் வறண்ட கண்மாய் மேல் காற்று அனேகமாக அடங்கிக் கிடக்கும். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முள்ளுக்குள் போன இறக்கை முழுசாகத் திரும்பாது.

சித்திரை, வைகாசியில் வேறு பிரச்சினை. வெயில் 38 டிகிரியைத் தொட்டால் காற்றின் அடர்த்தி, புத்தகங்கள் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் 15 டிகிரிக் கடல்மட்டக் காற்றைவிட ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். அதே சுழல்வேகத்தில் தள்ளுவிசையும் அதே அளவு குறையும். குளிர்நாட்டில் ஒருவர் அளந்து சொன்ன தள்ளுவிசையை இங்கே அப்படியே நம்ப வேண்டாம்.

பேட்டரிக்கு வருவோம். மின்சார விமானத்தின் கதை உண்மையில் பேட்டரியின் கதைதான். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் ‘ரேடியோ குவீன்’ என்ற தம் விமானத்தை மின் மோட்டாரில் பறக்கவிட்டார். ரேடியோ கட்டுப்பாட்டில் நடந்த முதல் மின்சாரப் பறப்பாக அதைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் வைத்திருந்தது வெள்ளி–துத்தநாக பேட்டரி. அதன் பிறகு நிக்கல் காட்மியம் வந்தது. கனமான சனியன், ஆனாலும் பல ஆண்டு அதுதான் கதி. 2000-க்குப் பிறகு லித்தியம் பாலிமர், பேச்சுவழக்கில் லிப்போ, வந்ததும்தான் எல்லாம் மாறியது. அந்த மாற்றத்தால்தான் இன்று நூறு ரூபாய் ஃபோமும் மின்சார மோட்டாருமாகப் பள்ளிப் பிள்ளைகூட விமானம் கட்ட முடிகிறது.

லிப்போவின் ஒரு செல்லுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. மூன்று செல்லைத் தொடராக இணைத்தால் ‘3எஸ்’, 11.1 வோல்ட். பழகுகிறவர்கள் வாங்கும் 2,200 மில்லிஆம்பியர்–ஹவர் பேட்டரியில் அடங்கியிருப்பது 24 வாட்–ஹவர். எடை சுமார் 180 கிராம். இது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி. நம் விமானத்தை அந்த உயரத்துக்குத் தூக்க, வீணாவதையும் சேர்த்து, இந்த பேட்டரியின் சக்தியில் ஒன்றரை சதவீதம்கூடத் தேவையில்லை. எழுபது முறைக்கு மேல் ஏற்றலாம்.

அப்படியானால் இரண்டு மடங்கு பெரிய பேட்டரி வைத்தால் இரண்டு மடங்கு நேரம் பறக்குமா? பறக்காது. 180 கிராம் கூடி எடை 980 ஆகும். பறக்கத் தேவையான சக்தி எடையின் ஒன்றரை அடுக்காக ஏறும். 36 சதவீதம் கூடுதல். ஆக, கிடைக்கும் நேரம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. தரையிறங்கும் வேகமும் 11 சதவீதம் கூடும். பழகாத கையில் அதுதான் மூக்கை உடைக்கும்.

இதைவிட மோசமான சபலம், 3எஸ் இருந்த இடத்தில் 4எஸ் செருகிப் பார்ப்பது. கனெக்டர் பொருந்தும், அதனால் கை துடிக்கும். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் சுழல்வேகமும் அதே அளவு ஏறப் பார்க்கும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி அதன் மூன்றாம் அடுக்காக ஏறி 2.4 மடங்காகும். 12 ஆம்பியர் 21 ஆகும். அரை நிமிடத்தில் காயில் கடைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

பேட்டரி உறையில் ‘25சி’ என்றிருக்கும். கொள்ளளவை 25-ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர் தரும் என்று அர்த்தம். கம்பெனிக்காரர்கள் இந்த எண்ணில் தாராளமாக இருப்பார்கள். பாதியை நம்பினால் போதும். நமக்கு வேண்டியது 12 ஆம்பியர்தான் என்பதால் 25சி தாராளம். 60சி பேட்டரிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நம் விமானத்துக்கு ஒரு பயனும் இல்லை. கூடுதல் எடைதான் மிஞ்சும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து அந்தச் செல்களைப் போடுகிறவர்களும் உண்டு. கிராமுக்குச் சக்தி அதில் அதிகம்தான், ஆனால் அந்தச் செல்கள் வேகமாகக் கொடுக்காது. கிளைடருக்குச் சரி, கையால் எறிந்து கிளப்பும் பயிற்சி விமானத்துக்குச் சரியில்லை.

பக்கத்திலேயே சிவகாசி. தீயோடு பழகிய மாவட்டத்துக்கு எச்சரிக்கை சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் லிப்போ தீ வெடிமருந்துத் தீ மாதிரி கொளுத்தினால்தான் பிடிக்கும் என்பதில்லை. உப்பிய பேட்டரி, விழுந்து நசுங்கிய பேட்டரி, தவறான சார்ஜர், ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டியதைப் பதினைந்து நிமிடத்தில் திணிப்பது, இதில் ஏதாவது ஒன்று போதும். செல்களைத் தனித்தனியாகச் சமன் செய்யும் சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, சிமெண்ட் தரையில் வைத்து ஏற்றுங்கள். பறந்து முடித்த பிறகும் ஓய்வில் செல்லுக்கு 3.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் பாருங்கள். ஒரு வாரம் தொடப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். பைக் பெட்டியில் மதிய வெயிலில் வைப்பது கூடவே கூடாது.

எங்கே பறக்கவிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். 2021-ன் ட்ரோன் விதிகள் ரிமோட் விமானத்துக்கும் பொருந்தும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான், அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம். இரண்டு கிலோவுக்குள், வியாபார நோக்கம் இல்லாமல் விடுபவருக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் மேற்கே மலைப்பக்கம் போனால் 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சாம்பல் நிற அணிலுக்கும் யானைக்கும் நடுவே மோட்டாரை இரைய விடுவதை வனத்துறை ரசிக்காது. கோயில் பக்கமும் வேண்டாம்.

எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்கு உறையில் உள்ள எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை. முதல் நாள் எட்டு நிமிடம் மட்டும் பறக்கவிட்டு இறக்குங்கள். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் புரொப்பெல்லர் பெரிது. வீட்டுக்கு வந்து பேட்டரியை ஏற்றும்போது, எவ்வளவு ஏறியது என்று சார்ஜர் திரையிலேயே காட்டும். 900 மில்லிஆம்பியர்–ஹவர் என்று காட்டினால் நிமிடத்துக்கு 112 செலவாகியிருக்கிறது. 2,200-ல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சம் 1,760-ஐ இதால் வகுத்தால் பதினைந்தரை நிமிடம். ரிமோட்டில் டைமரைப் பன்னிரண்டுக்கு வையுங்கள், ஆடி மாதமென்றால் பத்துக்கு.