பழைய இசைப்பெட்டியில் இரைச்சல் ஏன்?

காசு போட்டவுடன் நாம் கேட்ட இசைத்தட்டைத் தானே தேடியெடுத்துப் பாடும் பெட்டிக்கு 'ஜூக்பாக்ஸ்' என்று பெயர். அமெரிக்காவின் ஸீபர்க் கம்பெனி நூறு பாட்டுகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பெட்டியை 1948-இலும், 45 சுழல் சிறு தட்டுகளைப் பாடும் பெட்டியை 1950-இலும் வெளியிட்டது. நம் வீடுகளில் முன்கூடத்தை அலங்கரித்த ரேடியோகிராம் உருவத்தில் வேறாயினும், உள்ளிருந்து ஒலியைப் பெருக்கும் வால்வு அம்ப்ளிஃபயர் இரண்டிலும் ஒரே இனத்தைச் சேர்ந்ததே. ஒன்றின் நோயறிந்தவர் மற்றதன் நோயையும் அறியலாம்.

இத்தகைய பெட்டி இரைச்சல் போட ஆரம்பித்ததும், "வால்வு போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறுவது வழக்கமாகிவிட்டது. வால்வுகளை மாற்றியும் இரைச்சல் நிற்காவிடில், தாத்தா ஆசையுடன் வாங்கி இலங்கை வானொலி கேட்ட பெட்டி பழைய சாமான் கடைக்குப் போகிறது. இது வீண் நஷ்டமாகும். 1954-இல் ஜாலஹள்ளியில் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1961 முதல் ரேடியோ வால்வுகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. அந்த உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிறது. இன்று ருஷ்யா, ஸ்லோவாகியா, சீனம் ஆகிய தேசங்களிலிருந்தே புதிய வால்வுகள் வருகின்றன, விலையும் அதிகம். ஆகவே நல்ல வால்வை எறிவது கிடைத்தற்கரிய பொருளை எறிவதாகும். குற்றம் பெரும்பாலும் சில ரூபாய் பெறும் கண்டென்சரில் இருக்கும்.

முதலில் உயிர்க்காப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். அம்ப்ளிஃபயருக்குள் 250 முதல் 400 வோல்ட் வரை அழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். சில ஆயிரம் ஓம் கொண்ட 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கம்பிகளால் இணைத்து அதனை வடித்து, மீட்டரால் சோதித்த பிறகே கையை உள்ளே விடவேண்டும். 'ஏ.ஸி./டி.ஸி.' என்று குறிக்கப்பட்ட ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மின்சாரக் கம்பிகளுள் ஒன்று சேஸிஸுடனேயே நேராக இணைந்திருக்கும். அவற்றைத் திறந்து பழுது பார்ப்பதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே விவேகம். பல்லாண்டு உறங்கிய எந்தப் பெட்டியையும் நேரே மின்சாரத்தில் மாட்டலாகாது. 100 வாட் இழைபல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மாட்டுக. பல்பு முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

இனி நோயறியும் முறை. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூம் கண்ட்ரோலைப் பூஜ்யத்திற்குத் திருப்புங்கள். இரைச்சல் குறையாமல் நின்றால், குற்றம் அக்கண்ட்ரோலுக்குப் பின்னே, ஸ்பீக்கர் பக்கத்தில் உள்ளது. குறைந்தால் அதற்கு முன்னே, முதல் வால்விலோ பிக்-அப் கம்பியிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையே வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

அடுத்து, இரைச்சலின் குரலைக் கேளுங்கள். 'உம்' என்ற ரீங்காரம் வால்யூமுக்கு அசையாமல் நின்றால், மின்சாரத்தைச் சமன் செய்யும் எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர் உலர்ந்திருக்கலாம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியாதலால், முழு அலையையும் திருத்தும் அம்ப்ளிஃபயரில் இந்த ரீங்காரம் 100 சுழற்சியில் ஒலிக்கும். அதனினும் தாழ்ந்த 50 சுழற்சி ரீங்காரம் வால்யூமுடன் கூடிக் குறைந்தால், பிக்-அப் கம்பியின் மேலுறை அறுந்தோ, எர்த் இணைப்பு விட்டோ இருக்கும்.

'ஸ்ஸ்' என்ற சீறல் முதல் வால்விலிருந்தும், அதன் தட்டுக்கு மின்சாரம் தரும் பழைய கார்பன் ரெசிஸ்டரிலிருந்தும் வரும். 'படபட'வென வெடிக்கும் ஒலிக்கு அழுக்கேறிய வால்வுக் கால்கள், தேய்ந்த வால்யூம் கண்ட்ரோல், விட்டுப்போன சால்டர் ஆகியவை காரணம். உலர்ந்த மரக்குச்சியால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால், குற்றமுள்ள இடத்தில் ஒலி எழும். தட்டும்போது மணி போல் அதிரும் வால்வு உண்மையிலேயே மாற்றத்தக்கது. மோட்டார் படகு போல 'டப் டப்' என்று ஒலித்தால், ஒரு வால்வுக்கும் மற்றதற்கும் இடையே மின்சாரத்தைப் பிரித்துத் தரும் கண்டென்சர் செயலற்றது எனக் கொள்க.

இன்னுமோர் எச்சரிக்கை. மெழுகுத்தாள் கண்டென்சர்கள் வயதானால் கசியும். கடைசி வால்வுக்குப் பாட்டை அனுப்பும் கண்டென்சர் கசிந்தால் ஒலி கெடுவதோடு, அவ்வால்வின் தட்டு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகக் கூடும். 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் பிலிம் கண்டென்சரை, அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்கிப் போடுக. எலெக்ட்ரோலிடிக் கண்டென்சரை மாற்றுங்கால் கூட்டல், கழித்தல் முனைகளைக் கவனித்தல் அவசியம். நம் நகரில் சாதர் பத்ரப்பா சாலைக் கடைகளில் இத்தகைய உதிரிகளைத் தேடலாம், எஸ்.பி. ரோடு என்றாலே யாவரும் வழி காட்டுவர்.

அமெரிக்க ஜூக்பாக்ஸ் வைத்திருப்போர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட் அளவும் 60 சுழற்சியும் உடையது. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் போதும்; சுழற்சியை அது மாற்றாது. 60 சுழற்சிக்கெனச் செய்த ஒத்தியங்கு மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடுமாதலால், 45 சுழல் தட்டு 37½ சுழலில் அழுது பாடும். அதற்கு அம்ப்ளிஃபயரைக் குறை கூறிப் பயனில்லை. மோட்டாரின் கப்பியைத்தான் மாற்ற வேண்டும்.

அன்பர்களே! பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "வால்யூமைக் குறைத்தால் ரீங்காரம் குறைகிறதா, இல்லையா" என்பதை நீங்களே கண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். நல்லதென்று சோதித்தறிந்த வால்வுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். பிழைப்பைத் தேடி வந்த ஊரில் நம் முன்னோர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. ஒரு சிறு கண்டென்சருக்காக அதனை இழப்பது நியாயமன்று.